தங்கவயலும் இரண்டு அரசியல் சட்டங்களும்

பங்காருப்பேட்டையில் பெரிய இருப்புப் பாதையை விட்டுப் பிரியும் சிறிய கிளைப் பாதையொன்று கோரமண்டல், ஊர்காம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து மாரிகுப்பத்தில் முடிவடைகிறது. நிலையப் பலகையில் கன்னடம் இருக்கும். பேட்டைகளின் பெயர் ராபர்ட்சன், ஆண்டர்சன் என்று ஆங்கிலேயரை நினைவூட்டும். தெருவில் இறங்கினால் காதில் விழுவது பெரும்பாலும் வடஆர்க்காட்டுத் தமிழ். கோலார் தங்கவயல் என்று நாம் அழைக்கும் ஊர் இதுதான். தமிழ் நாட்டுக்கு வெளியே, தமிழர் கூலி தேடிச் சென்று, மூன்று நான்கு தலைமுறைகளாக வேரூன்றிய ஊர்களுள் இதற்குத் தனியிடம் உண்டு.

இவ்வூரின் கதையை அமெரிக்க அரசியல் சட்டத்தோடு சேர்த்துச் சொல்ல முற்படுவது அன்பர்கள் சிலருக்கு வியப்பளிக்கலாம். பிலடெல்பியாவில் 1787இல் கூடியவர்களுக்கும் மாரிகுப்பத்து லைன் வீடுகளில் குடியிருந்தவர்களுக்கும் என்ன தொடர்பு? நேரான தொடர்பு குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் ஒரு கேள்வி இரு இடத்துக்கும் பொது. நாட்டின் பாதுகாப்பு என்று அரசாங்கம் கூறும்போது, குடிமகனிடமிருந்து அது எதை எடுத்துக்கொள்ளலாம், எந்தச் சட்டத்தின் பேரால் எடுத்துக்கொள்ளலாம் என்பதே அக்கேள்வி. தங்கம் அக்கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுப்பும் பொருள். எந்த அரசாங்கமும் அதை விரும்பாமலிருந்ததில்லை.

வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுவோம். 1802இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, எல்லை அளக்க வந்த இடத்தில் மாரிகுப்பத்தை அடுத்த ஊர்களில் மண்ணை அரித்துப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதிவைத்தார். அதன்பின் எழுபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1870களில் லாவெல் என்ற ஐரிஷ்காரர் மைசூர் அரசாங்கத்திடம் உரிமம் பெற்றார். 1880களின் தொடக்கத்தில் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் நிருவாகத்தை ஏற்றது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீப் என்னும் வளமான பொன் தாது அகப்பட்டது. நிலம் மைசூர் மன்னருடையது. சுரங்கம் லண்டன் பங்குதாரருடையது. மன்னருக்கு விளைந்த பொன்னில் நூற்றுக்கு ஐந்து வீதம் ராயல்டி. ஆங்கிலேயர் மைசூரை மன்னர் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைத்தது 1881இல். அதே ஆண்டில்தான் திவான் ரங்காசார்லு மைசூர்ப் பிரதிநிதித்துவ சபையையும் கூட்டினார். இந்திய சமஸ்தானங்களில் அத்தகைய சபை அதுவே முதலாவது. ஆனால் அந்தச் சபையில் இடம் நிலமும் செல்வமும் உடையவர்க்கே. சுரங்கத்தில் இறங்கியவனுக்கு அங்கே குரல் கிடையாது.

1902 ஜூன் மாதத்தில் சிவசமுத்திரத்தில் காவிரி நீர்வீழ்ச்சியிலிருந்து எடுத்த மின்சாரம், ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கடந்து தங்கவயலை அடைந்தது. அந்நாளில் உலகின் நீண்ட மின்வழிகளுள் அதுவும் ஒன்று. மின்னியந்திரங்களை அளித்தது அமெரிக்காவின் ஜெனரல் எலக்டிரிக் கம்பெனி. அமெரிக்கா தங்கவயலுக்குள் முதலில் வந்தது இந்த வடிவத்தில்தான்: கம்பியும் மோட்டாருமாக. பெங்களூர் நகர வீதிகளில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே சுரங்கத்துக்கு மின்சாரம் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். யாருடைய வசதி முதலில் என்பதில் அக்காலத்து ஆட்சியாளருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி அங்கே உழைத்தவர்களைப் பற்றிப் பேசுவோம். வடஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த ஆதிதிராவிட மக்களே பூமிக்கடியில் இறங்கியவருள் மிகப் பெரும்பாலோர். ஊரில் நிலமில்லை, பண்ணையின் கட்டு உண்டு, பஞ்சம் உண்டு. ஆகவே ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில், பாறை வெடிக்கும் வெப்பத்தில் வேலை செய்ய வந்தார்கள். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அவர்கள் தொகை முப்பதாயிரம் வரை எட்டியிருந்தது. மூங்கில் தட்டிகளால் அடைத்த சிறு வீடுகளில் குடியிருந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. அவ்வளவு ஆழத்தில் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். தொழிலாளர் அதற்கு அஞ்சியும் பழகியும் வாழ்ந்தார்கள்.

இவர்கள் யாருடைய பிரஜைகள்? மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோருக்கு இது வெறும் சொல் ஆராய்ச்சியன்று. வடஆர்க்காட்டில் பிறந்தவன் ஆங்கிலச் சக்கரவர்த்தியின் பிரஜை. பங்காருப்பேட்டை தாண்டியதும் மைசூர் மன்னரின் எல்லைக்குள் அவன் அயலான். சுரங்கத்தின் வேலிக்குள்ளோ கம்பெனியின் ஆள். மூன்று அதிகாரங்களுக்கு உட்பட்டவன். மூன்றில் எதனிடமும் உரிமை கேட்க வழியில்லாதவன். 'பிரஜை' என்ற சொல்லும், நம் பழைய 'குடி' என்ற சொல்லும் அரசனுக்கு அடங்கி வாழ்பவன் என்ற பொருளிலேயே வழங்கிவந்தன. 'குடிமகன்' என்று இன்று எழுதும்போது நாம் அதில் ஏற்றும் பொருள் புதியது. அது அகராதியிலிருந்து வந்ததன்று. பலர் கேட்டுக் கேட்டுப் பெற்றது.

கேட்டதற்கு ஒரு சான்று. சுரங்கத்திலிருந்து மேலே வரும் தொழிலாளியைச் சோதனையிட்ட பின்னரே வெளியே விடுவது வழக்கம். தங்கம் களவு போகிறது என்ற அச்சம் நிருவாகத்துக்கு எப்போதும் உண்டு. 1930இல், தொழிலாளர் அனைவரும் விரல் ரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டுமென்று கட்டளை பிறந்தது. விரல் ரேகை குற்றவாளிகளிடம் எடுப்பது என்பதை எழுத்தறியாதவரும் அறிந்திருந்தனர். சுரங்கம் மூன்று வாரம் நின்றது. அப்போது மைசூரில் தொழிற்சங்கங்களுக்குச் சட்டத்தின் அங்கீகாரம் கிடையாது; அது வந்தது 1940களில். கூலி உயர்வை முன்னிட்டு நடக்கும் வேலைநிறுத்தங்கள் பல. தங்களைத் திருடரென்று முன்கூட்டியே எழுதிவைப்பதை மறுத்து மூன்று வாரம் கூலியிழந்தவர்கள், அரசியல் சட்டம் என்ற பெயரைக் கேளாமலேயே அதன் முதற் பாடத்தைப் படித்துவிட்டார்கள் என்று நாம் கருதுகிறோம்.

எழுத்தறியாதவர் என்று பொதுவாகச் சொல்லிவிட்டோம். அதைச் சற்றே திருத்த வேண்டும். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பத்திரிகை படிப்போர் இருந்தனர். ஒருவர் படிக்கப் பலர் கேட்பது வழக்கமாயிருந்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னையில் தொடங்கிய தமிழன் வார இதழுக்குத் தங்கவயலில் உறுதியான வாசகர் உண்டு. அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிகுப்பத்தில் நடந்தது. பண்டிதர் மறைந்த பின்னர், ஜி. அப்பாதுரையார் 1926 முதல் 1934 வரை அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். இங்கே அமெரிக்கத் தொடர்பு ஒன்று எதிர்பாராமல் எதிர்ப்படுகிறது. 1898இல் அயோத்திதாசரை இலங்கைக்கு அழைத்துச் சென்று பௌத்த துறவியரிடம் அறிமுகம் செய்தவர் கர்னல் ஆல்காட். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் தரப்பில் பணி புரிந்தவர் அவர்.

அந்தப் போர் எதற்காக நடந்ததென்பதை அறிவோம். 1857இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, நீக்ரோ வமிசத்தில் பிறந்தவர் எவரும் ஐக்கிய நாடுகளின் குடிமகனாக முடியாது என்று டிரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பளித்தது. உயர்ந்த வாசகங்களால் தொடங்கும் அரசியல் சட்டம் ஒன்றின் கீழ், எழுபது ஆண்டுகள் கழித்து, இப்படியும் ஒரு தீர்ப்பு எழுத முடிந்தது. போர் முடிந்து, 1868இல் பதினான்காவது திருத்தம் வந்த பின்னரே, அந்நாட்டில் பிறந்த எவரும் குடிமகன் என்பது எழுத்தில் நிலைத்தது. நடைமுறையில் நிலைக்க மேலும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தை அதன் முகவுரையைக் கொண்டு அளப்பதைவிட, அந்நாட்டில் கடைசிப் படியில் நிற்பவனுக்கு அது என்ன செய்தது என்று கேட்டு அளப்பது நேரிய வழி. அம்முறையில் நம் சட்டத்தை அளக்கத் தங்கவயல் ஏற்ற இடம்.

1930களில் உலகில் தங்கத்தின் நிலை தலைகீழாயிற்று. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட்டது. தங்கம் விலையேறியது. விளைபொருளுக்கு விலையின்றித் தவித்த நம் கிராமத்துக் குடும்பங்கள் நகைகளை விற்க, அந்தத் தங்கம் பம்பாய் வழியாகக் கப்பலேறியது. ஆக, தங்கவயலில் ஒரு பக்கம் பூமியிலிருந்து பொன் எடுக்கப்பட்டது. மறுபக்கம் நாடெங்கும் பெண்களின் கழுத்திலிருந்தும் கையிலிருந்தும் பொன் இறங்கியது. இரண்டிலும் கேள்வி கேட்கும் அதிகாரம் இந்தியருக்கு இல்லை.

அமெரிக்காவில் அதே ஆண்டுகளில் நடந்தது வேறு. 1933 ஏப்ரல் 5ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஓர் உத்தரவு பிறப்பித்தார். குடிமக்கள் தம்மிடமுள்ள தங்க நாணயம், தங்கக் கட்டி, தங்கப் பத்திரம் ஆகியவற்றை மே 1ஆம் தேதிக்குள் பாங்குகளில் ஒப்படைக்க வேண்டும். அவுன்சுக்கு 20 டாலர் 67 சென்ட் வழங்கப்படும். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை. தலைக்கு 100 டாலர் மதிப்புள்ள நாணயத்தையும், தொழிலுக்கும் கலைக்கும் வழக்கமாக வேண்டிய தங்கத்தையும் வைத்துக்கொள்ளலாம். எந்தச் சட்டத்தின்படி இந்த உத்தரவு? 1917இல், முதல் உலகப் போரின்போது, எதிரி நாட்டோடு வாணிகம் செய்வதைத் தடுக்க இயற்றிய சட்டம் ஒன்று இருந்தது. 1933 மார்ச்சில், பாங்குகள் மூடிக் கிடந்த நாளில், காங்கிரஸ் அதைத் திருத்தி, சமாதான காலத்து நெருக்கடிக்கும் பொருந்துமாறு செய்தது. எதிரிக்காகத் தீட்டிய கத்தி சொந்தக் குடிகளின் பெட்டியைத் திறக்கப் பயன்பட்டது. அடுத்த ஜனவரியில் தங்கத்தின் விலை அவுன்சு 35 டாலர் என்று உயர்த்தப்பட்டது. அதாவது, முன்னதாகப் பெற்றுக்கொண்ட தங்கத்தின் மதிப்பேற்றம் முழுவதும் அரசாங்கத்துக்குச் சேர்ந்தது.

குடிமக்கள் வாளாவிருக்கவில்லை. கடனைத் தங்கமாகவே திருப்பித் தருவோம் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த வாக்கைக் காங்கிரஸ் ரத்து செய்ததை எதிர்த்து வழக்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றன. 1935 பிப்ரவரி 18ஆம் தேதி ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அரசாங்கம் பிழைத்தது. பிரதம நீதிபதி ஹியூஸ் எழுதிய தீர்ப்பு விசித்திரமானது. அரசாங்கம் தானே வெளியிட்ட கடன் பத்திரத்தின் வாக்கை மீற அதற்கு அதிகாரமில்லை என்று ஒரு கையால் கூறி, வழக்காடியவருக்கு நட்டம் ஏற்பட்டதாக நிரூபிக்கப்படவில்லை என்று மறு கையால் தள்ளிவிட்டது. இத்தீர்ப்பைக் குறை கூறுவது எளிது. நாம் அதில் வேறொன்றைப் பார்க்கிறோம். நாடே திவாலாகுமென்ற அச்சத்தின் நடுவே, ஜனாதிபதியின் ஆணையைச் செல்லுமா செல்லாதா என்று ஒரு சாதாரணக் கடன்பத்திரக்காரன் கேட்க முடிந்தது. நான்கு நீதிபதிகள் அவன் பக்கம் நின்றார்கள். அமெரிக்கக் குடிமக்களுக்குத் தங்கக் கட்டி வைத்துக்கொள்ளும் உரிமை மீண்டும் கிடைத்தது 1974 டிசம்பர் 31இல்.

தங்கவயலுக்குத் திரும்புவோம். 1946 நவம்பர் 4ஆம் தேதி, தொழிலாளர் கிளர்ச்சியின்போது போலீசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தில் ஆறு தொழிலாளர் மாண்டனர். ஊர் அந்த நாளை மறக்கவில்லை. அடுத்த ஆண்டு இந்தியா விடுதலை பெற்றது. மைசூரில் மன்னராட்சி தொடர்ந்தது. பொறுப்பாட்சி கோரி நடந்த 'மைசூர் சலோ' கிளர்ச்சிக்குப் பின்னர், 1947 அக்டோபரில் கே. சி. ரெட்டி முதல் மந்திரியானார். அவர் பிறந்த கியாசம்பள்ளி, அந்நாளில் தங்கவயலை அடுத்த பங்காருப்பேட்டைத் தாலுகாவிலேயே இருந்தது. 1949 நவம்பரில் மைசூர் மகாராஜா, இந்திய அரசியல் சட்டத்தையே தம் நாட்டின் சட்டமாக ஏற்றுப் பிரகடனம் செய்தார். மூன்று அதிகாரங்களுக்கு உட்பட்டிருந்த சுரங்கத் தொழிலாளி, 1950 ஜனவரி 26ஆம் தேதி ஒரே நாட்டின் குடிமகனானான்.

'ஒரே நாட்டின்' என்ற சொல்லில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நகல் சட்டத்தை முன்வைத்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், அமெரிக்க முறைக்கும் நம் முறைக்குமுள்ள வேற்றுமைகளை விரிவாக எடுத்துரைத்தார். அமெரிக்காவில் ஐக்கிய நாட்டுக் குடியுரிமை ஒன்று, மாநிலக் குடியுரிமை மற்றொன்று. ஆகவே மாநிலங்கள் தம் குடிகளுக்குச் சில காரியங்களில் சலுகை காட்டிப் பிற மாநிலத்தாரை ஒதுக்கிவைக்க இடமிருந்தது. இந்தியாவிலோ இரட்டை அரசாங்கம் உண்டு, இரட்டைக் குடியுரிமை கிடையாது என்றார் அவர். இன்னொரு வேற்றுமையையும் குறிப்பிட்டார். அமெரிக்கக் கூட்டாட்சி எந்த நிலையிலும் கூட்டாட்சியாகவே இருக்கும் இறுகிய அச்சு; நம் சட்டமோ அமைதிக் காலத்தில் கூட்டாட்சியாகவும், போர் மூண்டால் ஒற்றையாட்சியாகவும் இயங்கவல்லது.

சொந்த மாநிலத்துக்கு வெளியே வாழும் நம் போன்றோர் அந்த முதற் கூற்றைத் திரும்பத் திரும்ப நினைக்க வேண்டும். பம்பாய்த் தாராவியிலும், டில்லிக் கரோல்பாக்கிலும், கல்கத்தாவிலும், தங்கவயலிலும் நாம் யாருடைய தயவிலும் குடியிருக்கவில்லை. நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் தொழில் செய்யவும் 19ஆவது ஷரத்து உரிமை வழங்குகிறது. பிறந்த இடத்தையும் வசிக்கும் இடத்தையும் காரணங்காட்டி அரசாங்க வேலை மறுப்பதை 16ஆவது ஷரத்து தடுக்கிறது. வசிப்பிட நிபந்தனை ஏதேனும் வேண்டுமானாலும் பார்லிமெண்டு விதிக்கலாமேயன்றி மாநிலச் சட்டசபை விதிக்க இயலாது. எழுத்தில் இருப்பதெல்லாம் தெருவில் இருந்ததென்று நாம் சொல்லவில்லை. மண்ணின் மைந்தர் என்ற கூக்குரல் எழுந்த நகரங்களில் நம்மவர் பட்டதை அன்பர்கள் அறிவர். ஆயினும் அப்படிப்பட்ட நாட்களில் கையில் பிடித்துக்கொள்ள ஓர் எழுத்து இருப்பது சிறிய காரியமன்று.

அம்பேத்கர் 1954இல் தங்கவயலுக்கு வந்தார். சட்டத்தை ஆக்கியவர் என்ற மதிப்பில் மட்டுமன்றித் தம்மில் ஒருவராகவும் அவ்வூர் மக்கள் அவரைக் கொண்டாடினர். அவருக்கும் தங்கத்துக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பின்னர் லண்டனில் முடித்த ஆராய்ச்சி ரூபாயின் பிரச்சினையைப் பற்றியது. 1923இல் நூலாக வெளிவந்தது. ரூபாய்க்கும் தங்கத்துக்கும் என்ன உறவிருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பொன் தோண்டும் மக்களும், பொன்னின் கணக்கை ஆராய்ந்த மேதையும் அன்று ஒரே மைதானத்தில் கூடியிருந்தார்கள்.

1952இல் முதல் பொதுத் தேர்தல் முடிந்தபோது தங்கவயல் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்டுக் கட்சியின் கே. எஸ். வாசனும், அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்புச் சம்மேளனத்தைச் சேர்ந்த பி. எம். சாமிதுரையும் மைசூர்ச் சட்டசபைக்குச் சென்றார்கள். பின்னாளில் குடியரசுக் கட்சியின் சி. எம். ஆறுமுகமும், அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் பக்தவத்சலமும் அங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். விரல் ரேகை வைக்க மறுத்த விரல்களில் வாக்குச்சாவடி மை ஏறிற்று. 1881இன் பிரதிநிதித்துவ சபையை நினைத்தால், எழுபது ஆண்டில் கடந்த தூரம் புலப்படும்.

அதே 1952இல் அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கு நடந்தது. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தது. உருக்காலைகளில் வேலைநிறுத்தம் மூளவிருந்ததால், போருக்கு இரும்பு தடைப்படுமென்று அஞ்சி, ஜனாதிபதி டுரூமன் ஏப்ரல் 8ஆம் தேதி ஆலைகளை அரசாங்கத்தின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். ஜூன் 2ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அறுவருக்கு மூவர் என்ற கணக்கில், அதைச் செல்லாதென்றது. பாதுகாப்பு என்பது உண்மையான காரணமாகவே இருக்கலாம். எனினும் சட்டம் இயற்றும் அதிகாரம் காங்கிரசினுடையது, ஜனாதிபதியினுடையது அன்று என்பது தீர்ப்பின் சாரம். ஆலைகள் உரிமையாளரிடம் திரும்பின.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1956இல், மைசூர் அரசாங்கம் கோலார் சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. உத்தரவினால் அன்று, சட்டசபை இயற்றிய சட்டத்தினால், நட்ட ஈட்டுடன். மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்ட அதே நவம்பர் மாதத்தில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆட்சி முடிவுற்றது. தங்கவயல் மைசூர் மாநிலத்திலேயே நீடித்தது.

1962 அக்டோபர் 20ஆம் தேதி சீனப் படைகள் எல்லையில் தாக்கின. 26ஆம் தேதி நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. அம்பேத்கர் சொன்ன இரண்டாவது கூற்று அன்று முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றித் தேசப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அரசாங்கம் தங்கப் பத்திரங்கள் வெளியிட்டது. கோலார் சுரங்கங்களும் அவ்வாண்டிலேயே மாநிலத்திடமிருந்து மத்திய அரசாங்கத்தின் நிதி மந்திரி இலாகாவுக்கு மாறின. 1963 ஜனவரியில், நிதி மந்திரி மொரார்ஜி தேசாய் காலத்தில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் ஒரு பகுதியாகத் தங்கக் கட்டுப்பாடு வந்தது. நகையல்லாத தங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேற்படலாகாது.

அமெரிக்க உத்தரவையும் இதையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை கண்ணில் படும். அங்கே கட்டியும் நாணயமும் போயின, கைத்தொழிலுக்கு வேண்டியது விடப்பட்டது. இங்கே அடி விழுந்தது கைத்தொழிலின் மேல். பத்தர் என்றும் ஆசாரி என்றும் நாம் அழைக்கும் பொற்கொல்லர் குடும்பங்கள் ஒரு பருவத்திற்குள் வேலையிழந்தன. தமிழ் நாட்டிலும் பிற இடங்களிலும் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 14 காரட்டில் தாலி செய்து கட்ட எந்தக் குடும்பம் ஒப்பும்? விதிகளைத் தீட்டிய மேசைக்கு அந்தக் கேள்வி எட்டவில்லை. எதிரி படையெடுத்து வந்த காலம் என்பதையும், கடத்தல் தங்கத்தால் அன்னியச் செலாவணி கரைந்தது என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குமுன் வளையலைக் கழற்றித் தந்தவளிடமே கணக்குக் கேட்டது நல்ல அரசியலன்று. 1966இல் 14 காரட் விதி நீக்கப்பட்டது.

வழக்குத் தொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்கலாம். நெருக்கடி நிலை அமலில் இருந்தவரையில் 19ஆவது ஷரத்தின் பாதுகாப்பு செயலற்றுக் கிடந்தது. சீனப்போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தாலும் நெருக்கடி நிலை 1968 ஜனவரி 10ஆம் தேதிதான் முடிந்தது. அமெரிக்கக் கடன்பத்திரக்காரனுக்கு இரண்டாண்டில் கிடைத்த தீர்ப்பு, நம் பொற்கொல்லருக்கும் வணிகருக்கும் கிடைக்க ஆறாண்டுகள் ஆயின. விதிகள் பல மாற்றங்களுக்குப் பின் 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமாயின. 1969இல், ஹரக்சந்த் ரதன்சந்த் பாந்தியா வழக்கில், நம் சுப்ரீம் கோர்ட்டு அச்சட்டத்தை ஆராய்ந்தது. தங்கத்தைக் கட்டுப்படுத்தப் பார்லிமெண்டுக்கு அதிகாரம் உண்டென்று ஏற்றது. ஆனால் அதிகாரிகளின் விருப்பத்துக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்ட பல பிரிவுகள் தொழில் செய்யும் உரிமையை நியாயமின்றி நெருக்குகின்றன என்று கூறி அவற்றைச் செல்லாதவையாக்கியது. அமெரிக்கத் தீர்ப்பைவிட இது குடிமகனுக்கு ஒருபடி அதிகமாகவே தந்தது. தாமதமாகத் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அச்சட்டம் 1990இல் நீக்கப்பட்டது.

சுரங்கத் தொழிலாளரின் கணக்கு இவற்றினின்றும் வேறு. மத்திய அரசாங்கம் கோலார்த் தங்கத்தைச் சர்வதேச நாணய நிதியத்தின் விலையில், அதாவது ரூஸ்வெல்ட் காலத்து 35 டாலர் கணக்கில் பெற்றுக்கொண்டது. இந்தியச் சந்தையில் விலை அதைவிட வெகுவாக உயர்ந்திருந்தது. ஆழம் கூடக்கூடச் செலவு கூடியது. தாதின் வளம் குறைந்தது. நாட்டின் கையிருப்புக்காகப் பொன் எடுத்துக் கொடுத்த சுரங்கம், ஏட்டில் நட்டம் காட்டும் சுரங்கமாயிற்று. வாஷிங்டனில் எழுதிய விலை சாம்பியன் ரீப்பில் கூலிப் பேச்சுவார்த்தையில் வந்து உட்கார்ந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1971 ஆகஸ்டில் அமெரிக்கா டாலருக்கும் தங்கத்துக்குமிருந்த முடிச்சை அவிழ்த்தது. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி அது மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

நாட்டின் பாதுகாப்புக்குத் தங்கவயல் தந்தது பொன் மட்டுமன்று. 1964இல் தொடங்கிய பாரத் மண்வாரி இயந்திர நிறுவனம், பாதுகாப்பு இலாகாவின் கீழ், இங்கே பெரிய தொழிற்சாலை அமைத்தது. படைக்கு வேண்டிய கனரக ஊர்திகளும் அங்கிருந்து சென்றன. அறிவியலுக்கும் இவ்வூர் உதவியிருக்கிறது: 1965இல், இச்சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோத் துகள்களை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர்.

சுரங்கம் மூடிய பின்னர் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூரில் வேலை பார்த்து இரவில் திரும்புகிறார்கள். தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று 1956இல் சேர்க்கப்பட்ட 350அ ஷரத்து கூறுகிறது. கூறுவது 'முயல வேண்டும்' என்றே. ஆகையால் பெற்றோர் கேட்காத இடத்தில் அது நடவாது. பிற மாநிலங்களிலுள்ள அன்பர்கள் இதை மனத்திற்கொள்ளுதல் நலம்.

ஊரைச் சுற்றிச் சயனைடு மண் மேடுகள் குன்றுகளாக நிற்கின்றன. பொன் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் அது; காற்றுக் காலத்தில் வீட்டுக்குள் வந்து படியும். அம்மண்ணில் இன்னும் சிறிது தங்கம் எஞ்சியிருக்கிறது. மேடுகள் மத்திய அரசாங்க நிறுவனத்தின் உடைமை. நிலக் குத்தகை மாநில அரசாங்கத்தைச் சார்ந்தது. கனிகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் ஓரிடத்திலும், மாநிலப் பட்டியலில் ஓரிடத்திலும் வருகிறது. 2024 ஜூன் மாதத்தில், அவற்றிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் மத்திய அரசாங்கத்தின் திட்டத்துக்குக் கர்நாடக மந்திரி சபை இசைவு தந்தது. அந்த மேடுகளின் நிழலில் குடியிருப்போர், வேலை யாருக்கு, தூசிக்கு யார் பொறுப்பு என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.